மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

நம் கல்லூரி மலரில் பழைய ஹாஸ்டல் கதைகளுக்குப் பஞ்சமிருக்காது. நான் ஒரு எண்ணின் கதையைச் சொல்கிறேன். எண் இதுதான்: 147573952589676412927. மொத்தம் 21 இலக்கம். 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது.

மரீன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையுள்ள அடுக்குகளில் எவற்றுக்கு இப்படிச் செய்தால் பகா எண் வரும் என்ற பட்டியல். அதில் 67-ம் உண்டு. நிரூபணம் கிடையாது. பெரிய மனுஷர் சொன்னால் யார் போய்க் கேட்பது?

1876-ல் எதுவார் லூகா என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், இது பகா எண் அல்ல என்று காட்டினார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்று அவர் முறை சொல்லாது. வீட்டில் திருடு போனது நிச்சயம், திருடன் யாரென்று தெரியாது என்கிற மாதிரி!

27 வருஷம் கழித்து, 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் 67-ம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார். பக்கத்தில் 193707721 என்பதையும் 761838257287 என்பதையும் கையாலேயே பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. கைதட்டல். கோல் போய் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு காலம் பிடித்தது என்று 1911-ல் கேட்டபோது, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். இதை எழுதிவைத்த எரிக் டெம்பிள் பெல் கொஞ்சம் ஜோடித்துச் சொல்லும் பேர்வழி. அந்த மௌனத்தை நான் முழுசாக நம்பவில்லை. பெருக்கலில் மட்டும் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் எங்கே போயின என்று பாருங்கள். இந்த எண்ணின் காரணி எதுவானாலும் 134-ன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்கும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இதனால் பாதி கழியும். அப்படியும் கோலின் சின்னக் காரணி 134-ன் 1445580-வது மடங்கில் ஒளிந்திருந்தது! ஒவ்வொன்றாக வகுத்தால் ஆயுசு போதாது. இருபடி எச்சங்களைக் கொண்டு சலித்துச் சலித்துத்தான் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார்.

மெர்சென் பட்டியலில் 257-ம் தவறு. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயிருந்தன. முழுதும் சரிபார்த்து முடிக்க 1947 ஆயிற்று.

பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம் என்ற இதே சங்கதியைத்தான் 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் ரகசியக் குறியீட்டுக்குப் பூட்டாக்கினார்கள். அவர்கள் முறைக்கு நூற்றுக்கணக்கான இலக்கம் வேண்டும். கோலின் எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் உடைத்துவிடும்.

ஹாஸ்டலில் இருக்கும் தம்பி தங்கைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்குலேட்டரை ஒதுக்கிவிட்டு அந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். 9 இலக்கமும் 12 இலக்கமும், ஆக 108 சின்னப் பெருக்கல். பெரிய தாளாக எடுத்துக்கொள்ளுங்கள்.