காட்மாண்டுவின் கதவைத் திறந்த விடுதிக்காரர்

பெரிய நிக்கோபார்த் தீவின் கேம்பல் பேயில் 1969-ஆம் ஆண்டு முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. பஞ்சாபியரும் மராட்டியரும் மலையாளிகளும் நம் தமிழரும் அங்கே அண்டை வீட்டாராயினர். பழங்குடியினரின் காப்புப் பகுதிகளுக்குள் அனுமதியின்றி நுழையலாகாத தீவு அது. இத்தகைய கடைக்கோடி ஊரில் கப்பலிலிருந்து இறங்குபவன் முதலில் தேடுவது சாப்பாட்டுக் கடையை அன்றோ? எங்கே தங்குவது, எங்கே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும், அடுத்த கப்பல் எந்நாளில் என்பனவற்றையெல்லாம் அவன் அடுப்பருகே நிற்பவரிடமே கேட்டறிகிறான். ஊருக்கும் அயலானுக்கும் நடுவே நிற்கும் தூதர் அவர். ஆயினும் மன்னருக்கும் தளபதிக்கும் இடமளிக்கும் வரலாற்று நூல்கள் இவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

அவ்வாறு மறக்கவியலாத ஒருவர் இருந்தார். போரிஸ் லிஸ்ஸனேவிச் என்பது அவர் பெயர். ருஷ்யராயினும், கல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு அவரும் ஒருவகையில் ஊர்க்காரரே.

இன்று உக்ரைனில் உள்ள ஒடெஸ்ஸா துறைமுக நகரில் 1905-இல் அவர் பிறந்தார். படைத்துறைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருந்த சிறுவரின் எதிர்காலத்தை 1917-ஆம் ஆண்டுப் புரட்சி மாற்றிவிட்டது. துப்பாக்கி ஏந்த வேண்டிய இளைஞர் பாலே நடனம் பயின்றார். பிறந்த நாட்டை நீங்கிப் பாரிஸ் சேர்ந்து, புகழ்பெற்ற தியாகிலெவின் நடனக் குழுவில் ஆடினார். 1929-இல் தியாகிலெவ் மறைந்தபின் அக்குழு கலைந்தது. பின்னர், தாமும் நடனமணியான தம் மனைவி கீராவுடன் ஆசிய நாடுகளில் ஆடிவந்தவர், கடைசியில் கல்கத்தாவில் கால் ஊன்றினார்.

அங்கே 1936-இல் ‘முந்நூறு கிளப்’ என்னும் விடுதியைத் தொடங்கினார். உறுப்பினர் தொகை முந்நூறைத் தாண்டலாகாது என்பது விதி. பெயரும் அதனால் வந்ததே. வெள்ளையர் சங்கங்கள் பல இந்தியருக்குக் கதவடைத்திருந்த காலம் அது. பெங்கால் கிளப் இந்தியரை உறுப்பினராக ஏற்றது 1959-இல்தான். இந்தியரும் ஐரோப்பியரும் சமமாகக் கூடிய இடம் அதற்கு முன் இல்லாமலில்லை; 1907-இல் தோன்றிய கல்கத்தா கிளப் அத்தகையது. ஆயினும் மகாராஜாவும் வணிகரும் அதிகாரியும் ஒரே மேசையில் விடியும்வரை அமர்ந்து உண்டு பேசிய இடம் என்ற பெயர் போரிஸின் விடுதிக்கே உரியது.

நகரத்து விருந்துகளால் மட்டும் அவர் மனம் நிறையவில்லை. காடு அவரை அழைத்துக்கொண்டே இருந்தது. யானைமேல் ஏறிப் புலி வேட்டைக்குச் செல்வதில் அவருக்கு அடங்காத வேட்கை. அக்காலத்தில் அது வீரமாகக் கருதப்பட்டது. இன்று நமக்கு அது உவப்பாக இல்லை. 1972-இல் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டே நேபாளத்துச் சித்வன் காடு தேசியப் பூங்காவாயிற்று.

கல்கத்தாவில் வாய்த்த ஒரு நட்புதான் அவர் வாழ்க்கையை மீண்டும் திருப்பியது. நேபாள மன்னர் திரிபுவன் அந்நாளில் பெயரளவிலேயே மன்னர். ஆட்சி ராணாக்களின் கையில் இருந்தது. மருத்துவத்தின் பொருட்டுக் கல்கத்தா வந்த மன்னருக்கும் போரிஸுக்கும் பழக்கம் உண்டாயிற்று. 1951-இல் ராணா ஆட்சி வீழ்ந்து மன்னர் அதிகாரம் பெற்றபின், அதே ஆண்டில் போரிஸ் காட்மாண்டு சென்றார்.

அக்காலத்துக் காட்மாண்டுவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சமவெளியிலிருந்து மோட்டார்ச் சாலை கிடையாது. அரண்மனைகளுக்கு வேண்டிய மோட்டார் வண்டிகளைச் சுமையாளர் தோளில் ஏற்றி மலை கடந்து கொண்டுவந்தனர். அயல்நாட்டார் தங்கத் தக்க விடுதியும் இல்லை. அந்நகரில், ராணாக்களின் பழைய அரண்மனை ஒன்றின் பகுதியில், 1954-இல் ‘ராயல் ஹோட்டல்’ எழுந்தது. வேண்டிய பொருள்களில் பலவற்றை இந்தியாவிலிருந்து விமானத்தில் தருவிக்க வேண்டியிருந்தது.

அதனினும் கடினம் விருந்தினரைத் தருவிப்பது. இந்த மலைநாட்டைப் பார்க்க யார் பணம் செலவழித்து வருவார்கள் என்ற ஐயம் ஆள்வோர்க்கே இருந்தது. போரிஸ் விடாது வற்புறுத்தி, 1955-இல் ஒரு சுற்றுலாக் கூட்டத்துக்கு நுழைவு அனுமதி பெற்றார். வந்தவர்கள் உள்ளூர்க் கைவினைப் பொருள்களை அள்ளி வாங்கியதை மன்னர் மகேந்திரர் நேரில் கண்டார் என்றும், அதன் பின்னரே அனுமதி தாராளமாயிற்று என்றும் சொல்வதுண்டு. நேபாளச் சுற்றுலாத் தொழிலின் தொடக்கம் இதுவே. எவரெஸ்ட் ஏற வந்த மலையேறிகளுக்கு ராயல் ஹோட்டலின் ‘யாக் அண்ட் யெட்டி’ மதுக்கூடம் ஒரு சத்திரம் போலாயிற்று.

இடையில் ஒரு துன்பமும் நேர்ந்தது. மதுவடிசாலை உரிமம் பற்றிய வழக்கில் அவர் சிறை புகுந்தார். ஆனால் 1956-இல் மன்னர் மகேந்திரரின் முடிசூட்டு விழா வந்தபோது, விருந்துப் பொறுப்பு அவரிடமே வந்தது! அயல்நாட்டு விருந்தினருக்கு உணவளிக்கத் தெரிந்தவர் அவரைவிட்டால் அங்கே யார்? 1961-இல் எலிசபெத் அரசியார் வந்தபோது, தெராய்க் காட்டில் கூடாரம் அடித்து அரச விருந்து படைத்தவரும் அவரே. சமையற்காரரும் வேட்டைக்காரரும் அவருள் ஒருவராய் நின்ற இடம் அக்கூடாரம் எனலாம். அவ்வேட்டையில் பிலிப் இளவரசர் விரலில் கட்டுடன் இருந்தமையால் சுடவில்லை.

பணத்தைச் சேர்த்து வைக்கும் கலை மட்டும் போரிஸுக்குக் கைவரவில்லை. ஈட்டியதை விருந்தினர்க்கே செலவிட்டார். ராயல் ஹோட்டல் மூடப்பட்டது. பிறகு லால் தர்பார் என்னும் மற்றோர் அரண்மனையில், ‘யாக் அண்ட் யெட்டி’ என்ற பழைய பெயரிலேயே உணவு விடுதி நடத்தினார். நடுவே செப்புப் புகைபோக்கியுடன் கணப்படுப்பு. அதைச் சுற்றி அமர்ந்தவர்க்கு ருஷ்ய நாட்டுச் செங்கிழங்கு ரசம். அந்த இடத்திலேயே அப்பெயருடன் பெரிய ஹோட்டல் 1977-இல் திறக்கப்பட்டது.

1985 அக்டோபரில் போரிஸ் காலமானார். ஒடெஸ்ஸாவுக்கு அவர் குடிதிரும்பவே இல்லை. காட்மாண்டுவில் பிரிட்டிஷாரின் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.