கொட்டை பொறுக்குவோரும் காடும்

1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. அதற்கு முன்னர் கோரமண்டல் முதலிய சுரங்கப் பகுதிகளின் நீராவிப் பொறிகள் விறகையும் நிலக்கரியையும் விழுங்கின. காடு என்றால் விறகும் மரமுமே என்பது அக்காலக் கணக்கு. காய், கொட்டை, தேன் ஆகியவை ‘சிறு வனப்பொருள்’ என ஒதுக்கப்பட்டன. தோல் பதனிடுவதற்காக ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய கடுக்காயும் அந்தச் ‘சிறு’ என்னும் சொல்லுக்குள் அடங்கியதே என்பது வேடிக்கை.

இச்சிறுபொருளின் பெருமையை உணர்த்துவது அமேசானின் பிரேசில் கொட்டை மரம். 50 மீட்டர் வரை உயரும் இம்மரத்தின் பூவிதழ்க் கவிகையைத் திறந்து உட்புகும் வலிமை பேருடல் தேனீக்களுக்கே உண்டு. அத்தேனீக்களுக்கோ ஆண்டு முழுதும் பிற காட்டுப் பூக்களும் வேண்டும். பழம் முதிர ஓராண்டுக்கு மேலாகும். அதன் வன்தோட்டை அகூட்டி என்னும் கொறிவிலங்கு கடித்துத் திறக்கும். தின்றது போக, அது புதைத்து மறந்த விதைகளே கன்றுகளாகும். ஆகவே காட்டை அழித்து மரத்தை மட்டும் விட்டுவைத்தால் காய்ப்பு குன்றும். வெட்டத் தடை இருந்தும், மேய்ச்சல் நிலங்களில் அம்மரங்கள் வாரிசின்றி நிற்கின்றன.

ஆயினும் பொறுக்குதல் என்றும் தீங்கற்றது என்பதும் பிழை. நெடுங்காலம் மிகுதியாகப் பொறுக்கப்பட்ட இடங்களில் இளமரங்கள் அரிதென 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. கொட்டையும் ரப்பர்ப்பாலும் எடுத்து வாழ்ந்தோரின் உரிமைக்காகப் போராடிய சிகோ மெண்டெஸ் 1988 டிசம்பரில் கொல்லப்பட்டார். அவர் பெயரிலான சேகரிப்புக் காப்பகம் 1990இல் அமைந்தது.

சிவசமுத்திரத்துக்குத் தெற்கே, பிலிகிரி ரங்கன் மலை. பெரும்பகுதி இலையுதிர் காடு, உச்சியில் சோலைகள். அங்கு வாழும் சோலிகர் தேன், நெல்லி, கடுக்காய், பூந்திக்கொட்டை சேகரித்தவர்கள். 1974இல் அது சரணாலயமானது, இடம்பெயர் வேளாண்மை நின்றது, சேகரிப்பே வருவாயானது. வனவுயிர்ச் சட்டத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தொடர்ந்து விற்பனைக்கான சேகரிப்பும் தடைசெய்யப்பட்டது. மனிதர் விலகினால் காடு தழைக்கும் என்பது தடையின் எடுகோள். நடந்ததோ வேறு. உண்ணிச்செடி காட்டடியை மூடிப் பரவியது; நெல்லியில் புல்லுருவி பெருகியது. சருகுக்குச் சிறுதீ இடும் தம் பழைய வழக்கம் ஒடுக்கப்பட்டதே காரணம் என்பது சோலிகர் கூற்று. அதை முழுமையாக ஏற்காத அறிஞரும் உளர். எனினும் மரந்தோறும் ஏறி இறங்கியவரின் சான்றை எளிதில் தள்ளிவிட இயலாது.

2011 ஜனவரியில் அம்மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், வன உரிமைச் சட்டத்தின்கீழ் சோலிகரின் சமூக உரிமை ஏற்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சேகரிக்கும் உரிமையும் அதில் அடங்கும்.