'திருப்திகரம்' என்ற சொல்லின் வரலாறு

மாற்றுத்திறனாளிகள் தங்கும் இல்லங்களை ஆய்வு செய்யும் குழு ஒன்றில் சமூகப்பணி ஆசிரியை என்ற முறையில் நானும் சில ஆண்டுகள் இருந்தேன். கையில் நான்கு பக்கப் படிவம் இருக்கும். கட்டிடத்தின் பரப்பளவு, கட்டில்கள் எத்தனை, கழிப்பறைகள் எத்தனை, தீயணைப்புத் துறைச் சான்று, குடிநீர்ச் சோதனை, பணியாளர் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: நன்று, திருப்திகரம், குறைபாடு. கடைசிப் பக்கத்தில் எங்கள் கையெழுத்து.

தலைக்காயத்துக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்ப முடியாமல் போன பெண்களுக்கான இல்லம் ஒன்றுக்கு ஒருமுறை போனோம். பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பெரும்பாலும் பைக்கின் பின் சீட்டிலிருந்து விழுந்தவர்கள். ஒருவருடைய கோப்பில் 'வழுக்கி விழுந்தது' என்றிருந்தது. கணவன் பிடித்துத் தள்ளியதில் சுவரில் தலை மோதியது என்று அவருடைய அக்கா பின்னால் சொன்னார். தரை கழுவிவிட்டிருந்தது. படுக்கை விரிப்புகளில் மடிப்புக்கூடக் கலையவில்லை. முப்பது வயதிருக்கும் பெண் ஒருவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "நான் நேத்துதான் வந்தேன் டீச்சர். நாளைக்கு அம்மா வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்கு." யாராவது அடிக்கிறார்களா? "இல்லையே." நான் 'திருப்திகரம்' என்று குறித்தேன். அவர் அங்கே வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை, திரும்பும் வழியில் கோப்பின் நகலைப் புரட்டியபோதுதான் கவனித்தேன்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அங்கே வேலை பார்க்கும் ஆயா ஒருவர் என் பக்கத்தில் வந்து, "விடியக்காலை வந்து பாருங்கம்மா" என்றார். அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு வாரம் குழுத் தலைவரிடம் மன்றாடி, முன்னறிவிப்பு இல்லாமல் போக அனுமதி வாங்கினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். பட்டியலில் மூன்று இரவுப் பணியாளர்கள், இருந்தது ஒருவர். பின்கட்டில், கூரையில்லாத இடத்தில், பெண்கள் துணியில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் குழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் காவலாளி நின்றிருந்தார். 'நேத்துதான் வந்தேன்' என்றவர் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். பதினெட்டுப் பேருக்கும் தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. அந்தத் தலைகளை நான் முதல் முறையும் பார்த்திருந்தேன். 'தூய்மை: நன்று' என்று அதைத்தான் எழுதியிருந்தேன்.

என்னை யாரும் ஏமாற்றவில்லை. அந்தப் பெண்ணும் பொய் சொல்லவில்லை. மூளையில் அடிபட்டால் புதிய நினைவுகள் தங்காமல் போகலாம். அந்த இடைவெளியை மூளை தானாகவே எதையாவது சொல்லி நிரப்பிக்கொள்ளும். சொல்பவருக்கு அது உண்மைதான். தனக்குக் குறை இருப்பதே தெரியாமல் போவதும் உண்டு. பேச்சுக்குரிய பகுதி பாதிக்கப்பட்டவருக்கு 'ஆமாம்' என்று நினைத்தால் 'இல்லை' என்று வாயில் வரலாம். இப்படிப்பட்டவர்களிடம் ஐந்து நிமிடம் நின்று கேள்வி கேட்டுவிட்டு, பதிலைப் படிவத்தில் எழுதுவது ஆய்வாகாது. வாயால் சொல்ல முடியாததை உடம்பு சொல்லும். குதிகாலிலும் இடுப்புக்குக் கீழேயும் படுக்கைப் புண் இருக்கிறதா? சாய்த்துப் படுக்கவைத்தே ஊட்டுகிறார்களா, நிமிர்த்தி உட்காரவைத்தா? படுத்தபடி விழுங்கினால் சோறு நுரையீரலுக்குப் போய்விடும். வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவரின் ஈறு வீங்கியிருக்கிறதா, பல் மருத்துவர் பார்த்தாரா? பகல் பதினொரு மணிக்கு எல்லாரும் தூங்குகிறார்கள் என்றால், அது அமைதியா, மாத்திரையா? கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பணியாளர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? இவற்றில் ஒன்றுகூட எங்கள் படிவத்தில் இல்லை.

படிவத்தில் இல்லாததைப் பார்த்தவர்கள் யார் என்று அதன் பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்த வரலாற்றில் அதிகாரம் இல்லாத பெண்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

1841 மார்ச் மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஈஸ்ட் கேம்பிரிட்ஜ் சிறையிலிருந்த பெண்களுக்கு ஞாயிறு வகுப்பெடுக்க டொரோத்தியா டிக்ஸ் என்ற ஆசிரியை போனார். குற்றம் எதுவும் செய்யாத, மனம் பேதலித்த பெண்கள் கணப்பில்லாத அறைகளில் அடைபட்டிருந்தார்கள். மூளைக் காயம் என்று தனி வகை அன்று கிடையாது. மனநோய், வலிப்பு, அறிவுத்திறன் குறைபாடு எல்லாம் ஒரே கணக்கில்தான். டிக்ஸ் அந்த மாநிலத்தின் சிறைகளையும் ஏழைகள் விடுதிகளையும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, ஊர்ப் பெயரோடு குறிப்பெடுத்தார். 1843 ஜனவரியில் சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதினார். அவர் எழுதியதை அவையில் முன்வைத்தவர் உறுப்பினரான சாமுவேல் கிரிட்லி ஹோவ். சில ஊர் அதிகாரிகள், அந்த அம்மாள் மிகைப்படுத்துகிறார் என்று மறுப்பு எழுதினார்கள். ஆனாலும் வூஸ்டர் மருத்துவமனையை விரிவாக்கச் சட்டமன்றம் பணம் ஒதுக்கியது.

1887இல் நெல்லி பிளை என்ற இளம் நிருபர், மனநோயாளி போல் நடித்து நியூயார்க்கின் பிளாக்வெல் தீவிலிருந்த பெண்கள் காப்பகத்துக்குள் பத்து நாள் இருந்தார். ஒரே தொட்டித் தண்ணீரில் பல பெண்களைக் குளிப்பாட்டியதை, ஒரே துண்டால் துடைத்ததை எழுதினார். அவர் எழுதியதைச் சரிபார்க்க நீதிக்குழு தீவுக்குப் போனபோது சமையலறை பளபளவென்று இருந்தது; அவர் குறிப்பிட்ட பெண்களில் சிலர் அங்கே இல்லை. குழு வருவது காப்பகத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. இதைப் படித்தபோது எனக்கு அந்த மடிப்புக் கலையாத படுக்கை விரிப்புகள் ஞாபகம் வந்தன. நல்லவேளையாக, நீதிக்குழு சமையலறையை நம்பாமல் நெல்லி பிளையை நம்பியது.

மூன்றாவதாக வருபவர் பார்பரா ராப். லண்டனைச் சேர்ந்த உளசிகிச்சையாளர். 1965 ஜனவரியில், ஃப்ரையர்ன் மருத்துவமனையிலிருந்த ஏமி கிப்ஸ் என்ற மூதாட்டியைப் பார்க்கப் போனார். முதியவர்களின் மூக்குக்கண்ணாடி, பல்செட், காது கருவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கவும் மெல்லவும் கேட்கவும் முடியாதவரிடம் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் என்ன பதில் வரும்? ராப் ஓர் இயக்கம் தொடங்கினார். செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் கண்டதைத் தொகுத்து 1967இல் 'சான்ஸ் எவ்ரிதிங்' என்ற நூலை வெளியிட்டார். அரசு விசாரணைக் குழுக்களை அமைத்தது. குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரமில்லை என்று 1968இல் அறிவித்தது. ஆனால் 1967இலேயே கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் இருந்த உதவிப் பணியாளர் ஒருவர், அங்கே நடக்கும் கொடுமைகளைச் செய்தித்தாளிடம் சொல்லியிருந்தார். அந்த விசாரணையின் அறிக்கை 1969இல் வந்தது; அதில் பல குற்றச்சாட்டுகள் உறுதிப்பட்டன. அதே ஆண்டு, நாடெங்கும் மருத்துவமனைகளை நேரில் போய்ப் பார்க்கும் அமைப்பு ஒன்றை அரசு உருவாக்கியது. அந்தக் கதவைத் திறந்தது நோயாளியைப் பார்க்கப் போன ஒரு பெண்ணும், கடைநிலைப் பணியாளர் ஒருவரும்தான்.

நம் நாட்டில் பார்வையாளர்கள் என்ற ஏற்பாடு பழையது. 1912ஆம் ஆண்டின் இந்திய மனநோயாளர் சட்டத்திலேயே உண்டு. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மாதம் ஒருமுறை குறைந்தது மூன்று பார்வையாளர்கள் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்றது. உரிமம் கட்டாயம் என்றது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தச் சங்கிலிகளை யாரும் ஒளித்து வைத்திருக்கவில்லை. தர்காவுக்கு வந்துபோன எல்லாருடைய கண்ணிலும் பட்டவைதான்.

அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1994இல், புனேக்கு அருகே சிரூரில் இருந்த அரசு இல்லத்துப் பெண்களுக்கு சசூன் மருத்துவமனையில் கருப்பை நீக்க அறுவை நடந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், மாதவிடாய்ச் சுத்தம் பேண முடியாதவர்கள் என்பது காரணம். பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின, அறுவைகள் நின்றன. சுத்தம் என்ற சொல்லை அன்று அவர்கள் கேள்வி கேட்டார்கள். துணி கொடுத்து, மாற்றிவிட ஆள் வைத்தால் ஆகும் செலவை மிச்சப்படுத்த, பெண்ணின் உறுப்பை எடுப்பதற்குப் பெயரா சுத்தம்? தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டு அதற்கு நன்று என்று எழுதிய எனக்கும் சேர்த்துக் கேட்ட கேள்வி அது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படிக்கும்போது ஒரு வரியில் நின்றுவிட்டேன். கட்டாயமாக மொட்டை அடிக்கக்கூடாது. மாதவிடாய்க்கான பொருட்கள் கிடைக்க வேண்டும். விரும்பினால் சொந்த உடையை உடுத்தலாம். சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது. எல்லாம் எழுதியிருக்கிறது. ஆனால் நாங்கள் போன இல்லம் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது அல்ல. அது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் கீழ் வருவது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. விபத்தில் வரும் மூளைக் காயம் அதில் தனி வகையாக இல்லை. கை கால் வராவிட்டால் ஒரு சான்றிதழ், பேச்சு வராவிட்டால் இன்னொன்று. நினைவு மட்டும் போய், பார்க்க நன்றாக இருக்கும் பெண் எந்தக் கட்டத்திலும் சரியாக உட்காருவதில்லை. வீட்டில் இருக்கும்வரை அம்மாவோ மகளோ பார்த்துக்கொள்கிறார்கள். அம்மா காலமான பிறகுதான் இல்லம்.

எங்கள் இரண்டாவது அறிக்கை மேலே போனது. குளியலறைக்குக் கதவு வந்தது. இரவுக்கு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். முடி வெட்டுவது நின்றது. அந்த ஆயாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாங்கள் அவர் பெயரை எங்கும் எழுதவில்லை. ஆனால் வாசலில் என்னிடம் பேசியதை யாரோ பார்த்திருந்தார்கள். அவர் வீட்டைத் தேடிப் போனேன். "பரவாயில்லம்மா, வேற வேலை பாத்துக்கலாம்" என்றார். அவருக்காக நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை.

அதனால் இன்று மாணவிகளை ஆய்வுக்கு அழைத்துப் போகும்போது, படிவத்தோடு சில வழக்கங்களையும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு முறை போனால் போதாது. இரண்டாம் முறை சொல்லாமல் போங்கள், வேறு நேரத்தில் போங்கள். ஒரு பெண்ணின் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு நேரம் முழுக்க உட்காருங்கள். ஆயா, சமையல்காரர், துணி துவைப்பவர் எல்லாரிடமும் ஒரே அளவு நேரம் தனித்தனியாகப் பேசுங்கள். அப்போதுதான் சொன்னது யார் என்று தெரியாது. ஆறு மாதம் கழித்து, யாரெல்லாம் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள்.

மூன்றாம் முறை போனபோது அந்தப் பெண் எழுந்து நின்று, "நேத்துதான் வந்தேன் டீச்சர்" என்றார். முடி கழுத்துவரை வளர்ந்திருந்தது. சாப்பாடு எப்படி என்று நான் கேட்கவில்லை. தட்டு வரும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.