சுடாத துவக்கும் பண்ணைக் கடலின் ஆலாக்களும்

எங்கடை ஊரின் பெயரிலேயே ஒரு பறவை இருக்கிறது. கொக்குகள் கூடும் நீர்நிலை, அதாவது 'வில்', என்பதால்தான் கொக்குவில் என்று பெரியாக்கள் சொல்லுவினம். ஊருக்குள் கடல் இல்லை. ஆனால் கே.கே.எஸ். வீதியால் சைக்கிளை மிதித்து ரவுணைத் தாண்டினால் பண்ணைப் பாலம் வந்துவிடும். மேற்கே ஆனைக்கோட்டைப் பக்கம் போனால் கல்லுண்டாய் வெளி. மாரி காலத்தில் கடற்பறவைகளைப் படம் எடுக்க விரும்புகிற ஆருக்கும் இவை தெரிந்த இடங்கள். விடியவெள்ளன அங்கே எடுக்கப்படும் படங்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: செம்மஞ்சள் வானம், அதற்கு முன்னால் கறுப்பாக ஒரு பறவை.

"வடிவா இருக்கு" என்று ஒரு லைக்கைப் போட்டுவிட்டு நாங்கள் கடந்துவிடுகிறோம். ஆனால் இந்த நிழலுருப் படத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் அழகு பிந்தித்தான் வந்தது. முதலில் வந்தது துவக்கு.

19ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பறவைகளை எழுத்தில் பதிந்தவர்கள் அவற்றைச் சுட்டுத்தான் பதிந்தார்கள். 1846 இல் இலங்கைக்கு வந்த எட்கர் லேயார்ட் 1853, 1854 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட குறிப்புகளில் யாழ்ப்பாணமும் பருத்தித்துறையும் வருகின்றன. அவருக்குப் பிறகு 1878 முதல் 1880 வரை இலங்கைப் பறவைகளின் பெரிய நூலை வெளியிட்ட வின்சென்ட் லெக், பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி. அந்தக் காலத்தில் ஒரு பறவையை 'அறிவது' என்றால் அதைச் சுடுவது, தோலை உரிப்பது, பஞ்சடைத்துச் சீட்டுக் கட்டுவது. பறவை எப்படிப் பறந்தது என்பது அந்தத் தோலில் மிஞ்சாது.

அதே காலத்தில், பறப்பை மட்டும் பிடிக்க ஒருவர் ஆசைப்பட்டார். பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் எத்தியென்-ஜூல் மாரே 1882 இல் ஒரு விசித்திரமான துவக்கைச் செய்தார். குழல் இருந்த இடத்தில் வில்லை, தோட்டா இருக்க வேண்டிய இடத்தில் சுழலும் ஒளிப்படத் தகடு. விசையை அழுத்தினால் ஒரு செக்கனில் 12 படங்கள் விழும். இத்தாலியின் நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில், பொசிலிப்போ கடற்கரையில் நின்று அவர் கடற்காகங்களைக் குறிபார்த்தார். துவக்கை நீட்டுகிறார், ஆனால் ஒரு பறவையும் விழவில்லை. ஊர்ச்சனம் அவரை விசரன் என்று சிரித்ததாகக் கதை.

அவருக்குக் கிடைத்த படங்கள் நிழலுருக்களாகவே இருந்தன. அவர் அப்படித் திட்டமிடவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கிடைத்த நேரம் ஒரு செக்கனின் 720 இல் ஒரு பங்கு. இறகின் நிறமும் வரியும் பதிய அந்த வெளிச்சம் காணாது. வானம் மட்டும் பதிந்தது. பறவை மறைத்த இடம் கறுப்பாக நின்றது. இண்டைக்கு நாங்கள் வானத்தின் வெளிச்சத்துக்குக் கமராவைச் சரிசெய்து பறவையைக் கறுப்பாக விடுவதும் இதே கணக்குத்தான். அவருக்கு அது தட்டுப்பாடு, எங்களுக்கு அது தெரிவு. அந்தக் கறுப்பு உருவங்களில்தான், கண்ணுக்குப் பிடிபடாத இறக்கையடிப்பை நிறுத்தி வைத்துப் பார்க்க முடிந்தது. சினிமாவின் மூதாதைகளில் ஒன்றாகவும் இந்தத் துவக்கைச் சொல்லுவார்கள்.

நிறம் இல்லாவிட்டாலும் உருவம் ஆள் ஆரென்று சொல்லிவிடும். 1934 இல் அமெரிக்காவில் ரொஜர் ரோரி பீற்றர்சன் வெளியிட்ட கள வழிகாட்டி இதைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது. அதிலும் நிழலுருக்கள் உண்டு. பறவையைச் சுடாமல் தூரத்தில் நின்றே அடையாளம் காணலாம் என்பது அதன் அடிப்படை. பண்ணையிலும் அப்படித்தான். அகலமான இறக்கை, விசிறி மாதிரி வால் என்றால் கடற்காகம். ஒடுங்கிய கூரான இறக்கை, பெரும்பாலும் பிளந்த வால், அலகைக் கீழே சாய்த்துத் தண்ணியைத் தேடினால் ஆலா. "காசுக்கு ஆலாய்ப் பறக்கிறான்" என்று நாங்கள் ஏசுகிறோமே, அந்த ஆலாதான். மீனுக்காக ஓயாமல் சுற்றுகிற அந்த உருவத்தை, கமரா வர முதலே மொழி பிடித்து வைத்திருக்கிறது.

ஆனால் எங்கடை கரையில் இந்த வரலாறு இடையில் அறுந்து கிடக்கிறது. 1990 இல் யுத்தம் திரும்பத் தொடங்கியபின் சனம் கிளாலியால் இரவில் படகேறிக் களப்பைக் கடந்தது. பற்றரிக்கே தடை. 1995 ஒக்ரோபர் 30 இல் தொடங்கிய இடப்பெயர்வில் கொக்குவிலும் சேர்ந்து வலிகாமமே வெறிச்சோடியது. பிறகு ஊரடங்கு, கடலுக்குப் போகப் பாஸ், கரையோரம் உயர் பாதுகாப்பு வலயங்கள். காவலரண் இருக்கிற கரையில் விடியப்புறம் கமராவைத் தூக்குவது உயிரோடை விளையாடுகிற வேலை. எங்கடை அம்மா, அப்பா காலத்துப் பிள்ளைகளும் வானத்து நிழலுருக்களை அடையாளம் காணப் பழகினார்கள்தான். ஆனால் அவர்கள் பார்த்தது சியாமாசெட்டியா, அவ்ரோவா, ஹெலியா என்று. அந்தப் பாடம் பங்கருக்குள் ஓடுவதற்கு.

அதனால்தான் இண்டைக்கு ஒரு கம்பஸ் பிள்ளை பண்ணையில் நின்று ஒரு ஆலாவைப் படம் எடுப்பதைச் சின்ன விசயமாக எனக்குப் பார்க்க முடியவில்லை. மத்திய ஆசியாவின் உயர்ந்த ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் பழுப்புத்தலைக் கடற்காகம் குளிருக்கு இங்கே வருகிறது. யுத்த காலத்தில் எந்தக் கரையில் அது எவ்வளவு இறங்கியது என்று சொல்ல, எங்கடை வீட்டு அல்பங்களில் எதைத் தேடுவது? கலியாண வீட்டுப் படங்களே எத்தனையோ இடப்பெயர்வுகளில் தொலைந்து போன ஊர் இது.

இனி வரும் வருசங்களிலும் இதே கேள்வி எழும். கல்லுண்டாயில் நகரத்துக் குப்பை கொட்டப்படுகிறது. மண்டைதீவில் 2025 செப்டெம்பரில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மைதானம் வேணுமா வேண்டாமா என்று ஆக்கள் வாதாடட்டும். ஆனால் "அங்க என்ன பறவை வந்தது?" என்று ஆரும் கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேணும். சுண்டிக்குளத்துக்கு 1938 இலேயே சரணாலயம் என்ற பெயர் கிடைத்தது, 2015 இல் தேசியப் பூங்கா ஆனது. பண்ணைக்கும் கல்லுண்டாய்க்கும் அப்படி ஒரு பெயர் இல்லை. அவற்றுக்கு இருப்பது அங்கே போய் நிற்கிற ஆக்கள் மட்டும்தான்.

ஆகவே படத்தைப் போடும்போது கவிதை வரியோடை சேர்த்துத் திகதி, நேரம், இடம், தெரிந்தால் பறவையின் பெயர், எத்தனை நின்றன என்பதையும் எழுதுங்கோ. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உருவத்தைப் பார்த்துத் தெரிந்த ஒருவர் பிறகு சொல்லுவார். இன்னொன்று: நல்ல 'ஷொட்' வேணுமென்று கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்பாதேங்கோ. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்த உடம்புக்கு ஒவ்வொரு வீண் பறப்பும் செலவு. அது தானாக எழும்பும்வரை காத்திருக்கலாம். மாரேயின் துவக்கே ஒரு பறவையையும் விழுத்தவில்லை.