கல்வராயன் மலைக்கு யார் காவலர்? இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு விதிகளை அடிவாரத்திலிருந்து ஆராய்தல்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே வரும் சாலை கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கோமுகி அணைப் பக்கமாகக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறுகிறது. 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஒரு வட்டம். அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். அடிவாரத்தில் கச்சிராயபாளையம் காவல் நிலையமும் மலைமேல் கரியாலூர் காவல் நிலையமும் உள்ளன. இவ்விரு நிலையங்களிலும் பணியாற்றும் காவலரைப் பொறுக்கியெடுக்கும் விதிகள் சமவெளிக்கும் பட்டாலியனுக்கும் என வகுக்கப்பட்டவை; மலையின் பிள்ளைகளை அவை மூன்று இடங்களில் தடுக்கின்றன; மூன்றையும் திருத்த முடியும். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

அமெரிக்க நகரங்களில் போலீசை நகராட்சியே தேர்ந்தெடுக்கும். நம் அரசியலமைப்பில் காவல் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆகவே அடிவாரத்தில் உள்ள வடக்கனந்தல் பேரூராட்சிக்கோ, வெள்ளிமலை ஊராட்சிக்கோ தங்கள் ஊர்க் காவலரைத் தேர்வதில் எந்தப் பங்கும் கிடையாது. 1991-இல் அமைந்த தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் சென்னையிலிருந்து மாநிலம் முழுமைக்கும் ஒரே அறிவிக்கையில் ஆளெடுக்கிறது. இந்த மையப்படுத்தலின் நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் நேர்முகத் தேர்வு இல்லை. அது சார்பு ஆய்வாளர் தேர்வில்தான் உண்டு. சிபாரிசுக்கும் கைக்கூலிக்கும் அகன்ற வாயில் நேர்முகத் தேர்வுதான் என்பதை அறிந்தவர்கள் இதன் மதிப்பை உணர்வார்கள். நிலமற்ற கூலித் தொழிலாளியின் மகன் தரவரிசையில் தன் பெயரைப் பார்த்துச் சீருடை அணியும் வழி இதனால் திறந்தது. அதை அடைத்துவிடும் எந்தச் சீர்திருத்தத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் தடை அளவு நாடா. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ.; பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, 157. மார்பளவு எல்லா ஆண்களுக்கும் 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான தேர்விலும் பொது உயரம் இதே 170 தான். ஆனால் பழங்குடி இளைஞருக்கு அங்கே 162.5 போதும். தமிழ்நாடு வனத்துறையோ வனக்காப்பாளர் பணிக்குப் பழங்குடி ஆண்களிடம் 152 செ.மீ. மட்டுமே கேட்கிறது. விளைவைப் பாருங்கள். 165 செ.மீ. உயரமுள்ள கல்வராயன் இளைஞர் மத்திய ரிசர்வ் போலீசில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தி நாட்டின் எந்த மூலைக்கும் செல்லலாம். தன் மலையிலேயே வனக்காப்பாளராகவும் ஆகலாம். கரியாலூர் நிலையத்தில் பாரா நிற்க மட்டும் அவருக்குத் தகுதியில்லை. இந்த 2 செ.மீ. குறைவால் எந்தப் பணி கெடுகிறது என்பதற்கு அறிவிக்கையில் விளக்கம் எதுவும் இல்லை.

உயர விதி உலகெங்கும் பழையது. 1829-இல் லண்டன் மாநகரக் காவல் தொடங்கியபோதே குறைந்தபட்ச உயரம் வைத்தார்கள். ஆனால் அது கேள்விக்கு அப்பாற்பட்டதாக எங்கும் நிற்கவில்லை. கிரேக்கக் காவல் பள்ளியில் சேர ஆண், பெண் இருபாலருக்கும் 170 செ.மீ. என்று வைத்திருந்த விதியை 2017 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஆராய்ந்தது. காவல் பணிக்கு உடல் தகுதி வேண்டும் என்பதை ஏற்ற நீதிமன்றம், அந்தத் தகுதி உயரத்தோடு கட்டாயம் பிணைந்ததா என்று கேட்டது. தகுதியை நேரடியாகச் சோதிக்கும் வழி இருக்கும்போது உயரத்தை வைத்து விலக்குவது பெண்களுக்கு எதிரான மறைமுகப் பாகுபாடு ஆகலாம் என்றது. பெண்ணுக்குப் பொருந்திய அந்தக் கேள்வி மலைவாழ் இளைஞருக்கும் பொருந்தும்.

நேரடியாகச் சோதிப்பது எப்படி என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. வனக்காப்பாளர் தேர்வில் ஆண்கள் 25 கி.மீ. தூரத்தை 4 மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும். பெண்களுக்கு 16 கி.மீ. காவலர் தேர்விலோ ஆண்களுக்கு 7 நிமிடத்தில் 1500 மீட்டர் ஓட்டம், பெண்களுக்கு இரண்டரை நிமிடத்தில் 400 மீட்டர். அதன்பின் ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். இவையெல்லாம் மைதானத் திறன்கள். கயிறு ஏறக் கற்க வேண்டுமென்றால் கயிறு கட்டிய மைதானமும் சொல்லித்தரும் ஆளும் வேண்டும். அவை அடிவார ஊர்களில் கிடைப்பதே அரிது. வனத்துறையும் காவல்துறையும் ஒரே மலையில் ஒரே ஒற்றையடிப் பாதையில் ஏறுகின்றன. ஒரு துறைக்குத் தெரிந்த உண்மை இன்னொரு துறையின் விதியில் ஏன் இடம்பெறவில்லை?

இரண்டாவது தடை எழுத்துத் தேர்வு. தமிழ்மொழித் தகுதித் தேர்வு 80 மதிப்பெண்ணுக்கு. அதில் 40 விழுக்காடு பெற்றாலே போதும், தரவரிசையில் அது சேராது. முதன்மை எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்: பொது அறிவு 45, உளவியல் 25. உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு 6. உளவியல் என்ற தலைப்பின்கீழ்த் தருக்கப் பகுப்பாய்வு, எண் பகுப்பாய்வு, தகவல் தொடர்பு, தகவல் கையாளுதல் எல்லாம் அடங்கியிருக்கின்றன. பெயர் பெரிது. கேள்விகள் நான்கு விடைகளில் ஒன்றைக் கறுக்கும் வகையைச் சேர்ந்தவை. கோபத்தில் ஒருவர் எப்படி நடப்பார், அழுது நிற்பவரிடம் எப்படிப் பேசுவார் என்பதை வட்டத்தைக் கறுத்துக் காட்ட முடியாது. பயிற்சி மையம் இருக்கும் ஊருக்கே இந்த வகைத் தேர்வு சாதகம். 2019-ஆம் ஆண்டின் 8,888 இடங்களுக்கான தேர்வு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனதும் இதனால்தான்: குறிப்பிட்ட ஒரு பயிற்சி மையத்தில் படித்தவர்கள் வேலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து அளவுக்கு மீறித் தேர்வாகியுள்ளனர் என்று மனுதாரர்கள் குற்றம் சாட்டினர். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருந்தது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தகுதித் தேர்வு, முதன்மைத் தேர்வு இரண்டும் கொள்குறி வகை. ஆக, ஒருவர் விண்ணப்பித்த நாள் முதல் பயிற்சிப் பள்ளிக்குள் நுழையும்வரை தன் கையால் ஒரு பத்தித் தமிழ் எழுதிக் காட்ட வேண்டிய தேவையே வருவதில்லை. நிலையத்தின் அன்றாடமோ எழுத்தில் ஓடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, வாய்மொழியாகச் சொல்லப்படும் புகாரை எழுத்தில் பதிந்து, சொன்னவருக்கே படித்துக்காட்டி, கையொப்பம் பெறச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவும் அதையே சொன்னது. மலையிலிருந்து இறங்கி வரும் மூதாட்டி தன் பேச்சில் சொல்வதை ஸ்டேஷன் ரைட்டர் எப்படி எழுதுகிறாரோ அதுவே வழக்கு. அவர் சொன்ன காட்டின் பெயர் தவறானால், உறவுமுறை பிசகினால், நேரம் மாறினால், ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் அந்த வழக்கு உதிர்ந்துபோகும். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர்தான் ஆயுதப்படையிலும் பட்டாலியனிலும் சில ஆண்டுகள் கழித்துத் தாலுகா நிலையத்துக்கு வந்து, ஒருநாள் ரைட்டர் ஆகிறார். அவரது எழுதும் திறனை யாரும் எந்தக் கட்டத்திலும் சோதித்திருக்க மாட்டார்கள்.

1976-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாஷிங்டன் நகரக் காவலர் தேர்வு குறித்த வழக்கைத் தீர்த்தபோது, சொல்லறிவுத் தேர்வில் கறுப்பின விண்ணப்பதாரர்கள் மிகுதியாகத் தோற்றதை மட்டும் வைத்து அது அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்ல முடியாது என்றது. பயிற்சிப் பள்ளியில் தேறுவதற்கும் அந்தத் தேர்வுக்கும் தொடர்பு இருந்ததே போதும் என ஏற்றது. எனக்கு அத்தீர்ப்பில் உடன்பாடில்லை. பயிற்சியில் தேறுவது வேறு, பணியில் சிறப்பது வேறு. தேர்வுக்கும் பணிக்கும் உள்ள தொடர்பே முதலில் நிறுவப்பட வேண்டும். தமிழ்நாட்டிலும் அந்தக் கேள்வியைத்தான் எழுப்ப வேண்டும்.

மூன்றாவது தடையை அறிவிக்கையில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். மலையில் அதுவே கனமானது. நாடாவையும் வினாத்தாளையும் மைதானத்தையும் தாண்டியவரின் நடத்தையும் முன்வரலாறும் சரிபார்க்கப்படுகின்றன. சரிபார்ப்பது அவரது ஊர்க் காவல் நிலையம். காவல் சார்நிலைப் பணி விதிகளில் 2003-இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது: சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவர். 2008-இல் மணிகண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு இதை ஏற்றது.

சென்னையில் இந்த விதியால் தடுக்கப்படுபவர் தனி ஆள். கல்வராயனில் அது ஊரையே தொடும். சாராய ஊறலைத் தேடிப் போலீஸ் மலையேறுவது பல தலைமுறைப் பழக்கம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபின் மலையில் தேடுதல் இன்னும் தீவிரமானது. சாராயம் காய்ச்சுவதை நான் ஆதரிக்கவில்லை. கருணாபுரத்தின் விதவைகளையும் அநாதைகளான பிள்ளைகளையும் அறிந்த யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் மதுவிலக்கு வழக்கிலோ, வனச்சட்ட வழக்கிலோ, ஊர்த் தகராறில் “மற்றும் சிலர்” என்ற சொல்லுக்குள்ளோ ஒரு பதினெட்டு வயதுப் பையனின் பெயர் சேர்வது மலையில் எளிது. வழக்கு நடந்து, சாட்சி இல்லாமல் அவன் விடுதலையானாலும் விதியின் கண்ணில் அவன் தொடர்புடையவனே. வழக்குப் போட்ட நிலையமே அவனைப் பற்றிய அறிக்கையையும் அனுப்புகிறது. ஒரு தரப்பு தன் வழக்கின் தகுதியைத் தானே மதிப்பிடும் நிலை இது.

பழங்குடியினருக்கும் சீருடைக்கும் இடையிலான உறவை வாச்சாத்தியை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1992 ஜூன் 20 அன்று சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நுழைந்து செய்த கொடுமைகளுக்காக, உயிரோடிருந்த 215 பேரை 2011-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அங்கே அப்போது பழங்குடிகள் மீது போடப்பட்ட சந்தனக்கட்டை வழக்குகளை நினைத்துப் பார்க்க வேண்டும். வழக்குப் பதிவு ஒன்றே ஒருவரின் நடத்தைக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிட வலிய ஆதாரம் தமிழ்நாட்டில் இல்லை.

காவல்துறைக்குள் சாராய வியாபாரத்தோடு தொடர்புள்ளவர்கள் நுழையக் கூடாது என்ற எதிர்வாதம் நியாயமானது. கருணாபுரத்துக்குப் பின் அதன் வலு கூடியிருக்கிறது. அதனால்தான் சரிபார்ப்பை நீக்கச் சொல்லவில்லை. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், முன்வரலாற்றை எடைபோடும் உரிமை பணியளிப்போருக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டே, குற்றத்தின் தன்மை, அற்பத்தனம், அப்போதைய வயது ஆகியவற்றைக் கருதச் சொன்னது. அந்த எடைபோடலைச் செய்யும் பொறுப்பு மாவட்ட அளவில், உள்ளூர் நிலையத்துக்கு வெளியே, பழங்குடியினர் நலத்துறை அலுவலரும் இடம்பெறும் குழுவிடம் இருக்கட்டும். விலக்கினால் காரணத்தை எழுத்தில் தரட்டும். அந்தக் காரணத்தின் மீது மேல்முறையீடு இருக்கட்டும்.

பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு 1 விழுக்காடு. 2023-ஆம் ஆண்டின் 3,359 இடங்களில் அது நிலுவை சேராமல் ஏறத்தாழ 33. மாநிலத்தின் எல்லா மலைகளுக்கும், சமவெளியில் வாழும் பழங்குடியினருக்கும் சேர்த்து இவ்வளவுதான். இதில் கல்வராயனுக்கென ஒன்றும் உறுதியில்லை. கேரளம் வேறு வழி கண்டது. வயநாடு, அட்டப்பாடி, நிலம்பூர் பகுதிப் பழங்குடி இளைஞர்களுக்கெனச் சிறப்பு ஆட்சேர்ப்பு நடத்தியது. 2019-இல் 74 பேர் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்தனர். முந்தைய ஆண்டு அட்டப்பாடியில் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்ட மதுவின் சகோதரியும் அவர்களில் ஒருவர். அண்ணனைக் காக்கத் தவறிய ஏற்பாட்டுக்குள் தங்கை காவலராக நுழைந்தது சாதாரணச் செய்தி இல்லை.

தமிழ்நாட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. பழங்குடியினருக்கான உயரத்தை மத்தியப் படைகளின் 162.5 செ.மீ. அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மலை வட்டங்களுக்கெனச் சில இடங்களை ஒதுக்கி, அவற்றுக்கு மட்டும் வனத்துறையின் நெடுநடையை உடல்திறன் தேர்வாக்கி, தேர்வானவர் குறிப்பிட்ட ஆண்டுகள் அம்மலையிலேயே பணியாற்ற நிபந்தனை விதிக்கலாம். தரவரிசை வாரியத்தின் கையிலேயே இருக்கும். சொந்த மலையில் பணி என்றால் உறவுக்குச் சாய்வார்கள் என்ற அச்சத்துக்கு விடை, கரியாலூரைச் சேர்ந்தவரை மலையின் வேறு பகுதிக்கு அனுப்புவது. உடல்திறன் தேர்வைத் தாண்டியவர்களுக்கு மட்டும், ஒலிப்பதிவில் கேட்கும் ஒரு வாய்மொழிப் புகாரை ஒரு பக்கத்தில் எழுதும் தேர்வு வைக்கலாம். விடைத்தாளில் பெயர் மறைத்து, இருவர் தனித்தனியே திருத்தட்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தொகுதி 2 முதன்மைத் தேர்வில் விரிவான விடைகளைத் திருத்தி வருகிறது. சீருடை வாரியத்தாலும் அது முடியும்.

1969 முதல் 2022 வரை தமிழ்நாடு ஐந்து காவல் ஆணையங்களை அமைத்திருக்கிறது. ஆறாவது ஒன்றுக்குக் காத்திருக்க வேண்டிய தேவை இதில் இல்லை. உயரமும், உடல்திறன் இனங்களும், 2003-இன் விளக்கமும் அரசாணையால் திருத்தக்கூடிய பணி விதிகளில் உள்ளவை. அடுத்த அறிவிக்கை வெளிவருமுன் உள்துறை இவற்றை எடுத்துப் பார்க்க வேண்டும்.