பிளஷர்

எங்கள் சேத்தூர்ப் பக்கம் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் 'கார்' என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் 'பிளஷரா?' என்று திருப்பிக் கேட்பார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சொல் அது. சரக்கு ஏற்றினால் லாரி, டிக்கெட் போட்டு ஆள் ஏற்றினால் பஸ், இரண்டும் இல்லாமல் சொந்த சௌகரியத்துக்கு ஓட்டினால் பிளஷர் கார். போகப் போக நம் ஆட்கள் 'கார்' என்ற பாதியைக் கழற்றிவிட்டு, இன்பம் என்று பொருள்படும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

என் பாட்டி சொல்லும் ஒரு வாக்கியம் எனக்கு ரொம்ப நாள் விளங்காமல் இருந்தது. "பிளஷர் வச்சு மதுரைக்குக் கொண்டுபோனோம், அப்படியும் காப்பாத்த முடியல." அவர் தம்பியைப் பற்றிய பேச்சு அது. சாகக் கிடக்கிறவரை ஏற்றிப்போன வாடகை வண்டிக்கும் பெயர் பிளஷர்தான். அந்தப் பெயரை வைத்தது வண்டிக்கு உள்ளே உட்கார்ந்தவர்கள் இல்லை, ரோட்டு ஓரம் நின்று பார்த்தவர்கள். உள்ளே இருந்தவர்களுக்கு உண்மையில் என்னதான் இருந்தது, இன்பமா, பெருமையா, தலைவலியா? இந்தக் கேள்வியோடு சில மாதங்களாக நான் சேர்த்துவைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். 'தினமும் தன் காரைத் தானே ஓட்டுகிற சொந்தக்காரர்' என்கிற மனிதரே நம் ஊர்ப் பக்கம் ரொம்பப் பிந்தி வந்தவர். அதற்கு முன்னால் கார் ஒருத்தருடையது, ஸ்டியரிங் இன்னொருத்தர் கையில். ஜமீன்தார், மில் முதலாளி, பெரிய வக்கீல் இவர்களெல்லாம் பின் சீட்டுக்காரர்கள். வண்டி எப்போது இழுக்கும், எப்போது இருமும் என்பது டிரைவருக்குத்தான் தெரியும். அந்த டிரைவர்கள் எவரும் எதுவும் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. ஆகவே முதல் நாற்பது ஐம்பது வருடத்துக் கார் வரலாறு என்று நமக்குக் கிடைப்பதெல்லாம் பின் சீட்டிலிருந்து பார்த்த வரலாறு.

அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் செய்யவில்லை, பூட்டினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய் சிவ்ரியில் தொழிற்சாலை வைத்து, பெட்டியில் வந்த பாகங்களைச் சேர்த்து விற்றது. தெற்குச் சீமையில் அந்த வண்டிகளை விற்றுப் பழுதுபார்த்தது மதுரை டி.வி.எஸ். டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொடங்கிய நிறுவனம். மாட்டு வண்டியும் மோட்டார் வண்டியும் ஒரே சாலையில் ஓடிய காலம் அது. மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் டயரைக் கிழித்ததால், காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் ஓடவிட்டு ஆணி பொறுக்கியிருக்கிறார்கள். ரெண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, கரியை எரித்து வாயு எடுக்கும் அடுப்பைச் செய்து வண்டியில் பூட்டி ஓட்டியதும் இவர்கள்தான். பிளஷர் என்று பேர், பின்னால் கரி அடுப்பு!

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மாறியது. முழு வண்டியாக இறக்குமதி செய்வது நின்றது. 1953-ல், உள்நாட்டிலேயே தயாரிக்கத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்று அரசு சொன்னதும், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. கார் என்று மிஞ்சியது மூன்று பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம் சென்னையில் ஸ்டாண்டர்டு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை 1957-லிருந்து இங்கே அம்பாசிடர் ஆனது. இத்தாலிய ஃபியட் 1100 பின்னாளில் பிரீமியர் பத்மினி ஆனது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அந்த ஹெரால்டு இங்கிலாந்தில் ரெண்டு கதவு வண்டி. நம் குடும்பங்களுக்கு அது சரிப்பட்டு வரவில்லை, இங்கே நாலு கதவு வைத்தார்கள்.

இந்த மூன்று வண்டிக்கும் வரிசை. பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யாருக்கு முதலில் தருவது என்று சொல்ல 1959-ல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை. வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்கு அதை விற்கவும் கூடாது. விற்க ஏன் தடை என்றால், வாங்கிய விலையைவிடக் கூடுதல் விலைக்குக் கைமாறியது. புது வண்டியைவிட ஓடிய வண்டிக்கு மதிப்பு! 1969-ல் அரசே மூன்று வண்டிக்கும் விலை நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. இன்னொரு பக்கம், வண்டியின் தரம் மோசம் என்ற புகார்கள் குவிந்து, 1960-களின் கடைசியில் அதை விசாரிக்கவும் ஒரு அரசுக் குழு உட்கார்ந்தது. 'ஹார்னைத் தவிர எல்லாம் சத்தம் போடும்' என்ற ஜோக் அந்தக் காலத்துச் சரக்குதான்.

இந்த இடத்தில்தான் நான் கொஞ்ச நாள் முட்டிக்கொண்டு நின்றேன். இவ்வளவு புகார் சொன்னவர்கள், அதே வண்டியைப் பற்றி இன்றைக்குப் பேசும்போது ஏன் கண் கலங்குகிறார்கள்? பழைய நினைவு, வயசு, அவ்வளவுதான் என்று முடித்துவிடலாம். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. வேறு வண்டிக்கு மாற வழியில்லாத இடத்தில் 'பிடித்திருக்கிறதா' என்ற கேள்விக்கே பொருள் கிடையாது. இருப்பதை ஓடவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஓடவைப்பதற்காகச் செய்த காரியங்களெல்லாம் சேர்ந்து, பின்னால் பார்த்தால் பாசம் மாதிரித் தெரிகிறது. இது என் ஊகம். இந்த ஊகத்தைச் சோதித்துப் பார்க்க, காரைச் சொந்தமாகவும் வைத்து, தினமும் தானே ஓட்டியும் பிழைத்த ஒரு ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம் ஊரில் எழுபதுகளிலேயே இருந்தார்கள். டாக்ஸி ஸ்டாண்டில்.

சேத்தூர், மதுரையிலிருந்து கொல்லம் போகும் சாலையில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் தாண்டினால் நாங்கள். எங்களைத் தாண்டினால் சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, அப்புறம் மலை. இந்த ஒரு சாலையே டாக்ஸிக்காரருக்கு ஒரு பஞ்சாங்கம். ஆனி ஆடியில் குற்றாலம். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர். கார்த்திகை மார்கழியில் சபரிமலை. தையில் கல்யாணம். மற்ற நாளில் மதுரை ஆஸ்பத்திரி.

ஸ்டாண்டில் முப்பது வருடம் அம்பாசிடர் வைத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம் பல சாயங்காலம் பேசியிருக்கிறேன். பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "உங்க வண்டி மேல உங்களுக்கு ரொம்பப் பாசமா அண்ணாச்சி?" என்று முதல் நாளே கேட்டேன். இந்த மாதிரிக் கேள்வி கேட்கிறவர்களைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தார்.

"பாசமெல்லாம் என்ன தம்பி, பயம். காலையில செல்ஃப் எடுக்கிற சத்தத்திலேயே அன்னிக்குப் பொழப்பு தெரிஞ்சுபோகும். ஒரு சத்தம் புதுசா வந்தா, அது எவ்வளவு ரூபாய்ச் சத்தம்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிரும்."

எவ்வளவு ரூபாய்ச் சத்தம்! நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த அளவுகோல் இல்லை. அவர் வண்டியைக் காதால் வைத்திருந்தார். பின்னால் ஐயப்ப சாமிகள் சரணம் போட்டுக்கொண்டு வந்தாலும் அந்தக் கூச்சலுக்கு அடியில் பேரிங் இரைச்சல் அவருக்குக் கேட்கும். பிள்ளை அழுதால் வீட்டம்மாதான் எழுந்திருப்பாராம். ராத்திரி மழையில் வண்டிக் கண்ணாடி இறங்கியிருக்குமோ என்ற நினைப்பில் இவர் எழுந்திருப்பாராம். இதைச் சொல்லிவிட்டு, "அதை அவ இப்பவும் சொல்லிக் காமிப்பா" என்று சிரித்தார். வீட்டம்மா பக்கத்தில்தான் இருந்தார். சிரிக்கவில்லை. இன்ஜின் வேலைக்காக ரெண்டு தடவை தன் செயின் அடகுக்குப் போனதை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கார்ச் சொந்தக்காரரின் உணர்வு என்று எழுதும்போது இந்தச் செயினையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

அந்த வண்டி ஏன் டாக்ஸிக்கு இவ்வளவு பொருந்தியது என்பதற்கு அவரிடம் தெளிவான பதில் இருந்தது. கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்ததால் முன்னால் நீளமான பெஞ்சு சீட்டு. டிரைவரோடு இன்னும் ரெண்டு பேர் உட்காரலாம். பின்னால் நாலு, நெருக்கினால் ஐந்து. கூரை உயரம், அதனால் தலைப்பாகையோ மாலையோ இடிக்காது. வேட்டி கட்டிய பெரியவர் குனியாமல் ஏறலாம். பின்னால் வில் பட்டை, அதனால் எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும். உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், பட்டறையில் எந்தப் பையனும் கழற்றிப் பூட்டுவான். பெட்ரோல் விலை ஏறினதும், மடாடர் வேனின் டீசல் இன்ஜினைத் தூக்கி இதில் வைத்து ஓட்டினார்கள் நிறையப் பேர். கம்பெனியே டீசல் அம்பாசிடர் கொண்டுவந்தது 1980 வாக்கில்தான். பிற்பாடு 2013-ல் லண்டன் பி.பி.சி.யின் டாப் கியர் நிகழ்ச்சியில் உலகத்தின் சிறந்த டாக்ஸி இதுதான் என்று முடிவு சொன்னார்கள். அண்ணாச்சிக்கு இதைச் சொன்னேன். "அவனுக எங்க சபரிமலைக்கு ஓட்டினானுக?" என்றார்.

அடுத்த திருப்பம் எல்லோருக்கும் தெரிந்தது. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். விலை 47,500 ரூபாய். முன்பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த முதல் வண்டியை அவர் 2010-ல் இறக்கும்வரை விற்கவில்லை. எத்தனையோ புதிய வண்டிகள் வந்தும் மாறவில்லை. பின்னால் அது வாசலில் துருப்பிடித்து நின்று, கடைசியில் கம்பெனியே அதைப் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்தது.

ராஜபாளையம் பக்கம் அந்தச் சின்ன வண்டி வந்தபோது என்ன மாறியது என்று கேட்டால், பலரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள்: டிரைவர் தேவைப்படவில்லை. மில் ஆபீசர், டாக்டர், பஞ்சு வியாபாரி எல்லோரும் தாங்களே ஓட்டக் கற்றார்கள். டாக்டர் அம்மாக்கள் ஓட்டினார்கள். கிளச்சும் ஸ்டியரிங்கும் அவ்வளவு லேசு. 'வண்டிக்காரர்' என்ற சொல்லுக்கு அதுவரை டிரைவர் என்றும் பொருள், முதலாளி என்றும் பொருள். இப்போது ரெண்டும் ஒரே ஆள். இன்பம் என்ற அந்தப் பழைய பெயர் உண்மையில் பொருந்தியது இந்த வண்டிக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சமயம் பார்த்து ஊரில் அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது.

கூடவே இன்னொன்றும் போனது. பானட்டைத் திறக்கிற பழக்கம். நான் என் வண்டியின் பானட்டைக் கடைசியாக எப்போது திறந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. ஆறு வருட வண்டி. நல்ல வண்டி. குறை சொல்ல ஒன்றுமில்லை. சத்தம் வந்தால் பாட்டை ஏற்றி வைத்துக்கொள்கிறேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குகிற அன்றுதான் அதை முன்னால் நின்று முழுசாகப் பார்க்கிறேன். இதை நன்றியின்மை என்று சொல்ல மாட்டேன். பயமில்லாமல் வண்டி வைத்திருப்பது ஒரு பெரிய விடுதலை, பட்டவர்களுக்குத் தெரியும். நல்ல வண்டிகளை மக்கள் ஐந்தாறு வருடத்தில் மனசு உறுத்தாமல் மாற்றிவிடுவதற்கும் அந்த விடுதலைதான் காரணம்.

2014 ரெண்டு வண்டிக்கும் கடைசி வருடம். ஜனவரியில் மாருதி 800 நின்றது. மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலை வேலையை நிறுத்தியது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சுக் கம்பெனி பெஜோவுக்குப் போனது. அண்ணாச்சி வண்டி அதற்கெல்லாம் முன்பே போய்விட்டது. 1998 கடைசியில் டீசல் இண்டிகா வந்து, ஏ.சி. வேண்டும் என்று சவாரிகள் கேட்க ஆரம்பித்த பிறகு ஸ்டாண்டில் அம்பாசிடர் ஒவ்வொன்றாகக் குறைந்தது. இவர் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். எஃப்.சி. செலவும் இன்சூரன்ஸும் வருமானத்தைத் தின்ற ஒரு வருடம், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிற ஒரு பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டார். விற்ற அன்று வருத்தமாக இருந்ததா என்று கேட்டேன். அன்று ராத்திரி மழை பெய்தது, தூங்கினேன் என்றார்.

போன தையில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணம். வெள்ளை அம்பாசிடர், பானட் முழுக்க ரோஜா, மாப்பிள்ளை பெண்ணோடு மெதுவாக வந்தது. அண்ணாச்சியும் நானும் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். நம்பரைப் பார்க்கும் தூரம் வருவதற்கு முன்பே அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் டிரைவர் பக்கக் கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, பின்னாடி கிரவுன் இரையுது. ஆயில் இருக்கான்னு பாக்கச் சொல்லு."

பையனுக்கு இருபது வயசு இருக்கும். கொட்டுச் சத்தத்தில் முதலில் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னார்.

"ஓனர்ட்ட சொல்றேன் தாத்தா" என்றான். வண்டி நகர்ந்தது.