குடவோலையும் அரசமைப்பு நாளும்

நவம்பர் 26 அன்று கல்லூரிகளில் நடக்கும் அரசமைப்பு நாள் விழா முகவுரை வாசிப்போடு முடிந்துவிடக் கூடாது. வரலாற்றையும் விசாரிக்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே அதற்குப் பாடம் இருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 30 குடும்புகளில் (ஊர்ப் பகுதிகளில்) குடவோலை முறையில் ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததையும், கணக்குக் காட்டாதவரை விலக்கியதையும் சொல்கின்றன. அதுவே மக்களாட்சி என்று பெருமைப்படுவோர் உண்டு. ஆனால் கால்வேலி நிலமும் வேதக் கல்வியும் கேட்ட அந்தச் சபையில் நிலமற்ற உழைப்பாளிக்கு இடமில்லை.

பிறகு அதை ஏன் நினைக்க வேண்டும்? கணக்குக் கேட்கும் துணிவை அங்கே கற்கலாம். அனைவருக்கும் சம வாக்கைத் தந்தது 1950-இன் அரசமைப்புதான். இம்மாவட்டத்தின் ஒரகடம் ஆலைகளுக்குப் போகவிருக்கும் மாணவர்கள், சங்கம் அமைக்கும் உரிமை தரும் அதன் 19-ஆம் பிரிவையும் விவாதித்துத் தெளிந்து செல்லட்டும்.